பழைய ரசீது

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனுக்குத் தெருவில் ‘ஃபார்மேட்’ என்று பெயர். மெஷின் தும்மினாலும் ஃபார்மேட், இருமினாலும் ஃபார்மேட். முழுசாக அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெரிய ஆபரேஷன் முடித்த டாக்டர்போல் கையைத் துடைத்துக்கொள்வான்.

அந்தத் திமிரை அடக்கியவள் மனு டைப் செய்யும் அக்கா. மூன்று வருடத்துக்கு முன் அவள் மெஷினைச் சுத்தம் செய்தபோது, ‘பழைய ரசீது’ என்ற ஃபோல்டரைக் குப்பை என்று அழித்துவிட்டான். உள்ளே இருந்தது அவள் எழுதிக்கொண்டிருந்த நாவல். யாரும் திறந்து பார்க்கக் கூடாதென்றுதான் அப்படிப் பெயர் வைத்திருந்தாள். அன்று முதல் அவனைக் கண்டால் கடைக் கதவைச் சாத்துவாள்.

இப்போது மெஷின் செத்துவிட்டது. வேறு ரிப்பேர்க்காரன் ஊரில் இல்லை. வேண்டா வெறுப்பாக அவனையே கூப்பிட்டாள்.

“மறுபடியும் எழுதி முடிச்சிருக்கேன். அதே பேருதான். தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்.”

“டிஸ்க்கைக் கழட்டி ரெண்டு தடவை காப்பி எடுத்துட்டேன்க்கா. பென்டிரைவ்ல பத்திரமா இருக்கு. என் கடையில காட்டட்டுமா?”

“எதுக்கு? உன் கடைக்கு வர்றவன் போறவன் எல்லாம் படிக்கவா? என் மெஷின்ல என் கண்ணால பாக்குற வரைக்கும் நம்ப மாட்டேன்.”

மதர்போர்டை மாற்றி விண்டோஸை ஏற்றினான். அது பாஸ்போர்ட் கேட்கும் அதிகாரிபோல் வாசலில் நின்றுகொண்டு, லைசென்ஸைப் போனில் உறுதி செய்தால்தான் உள்ளே விடுவேன் என்றது. போனை ஸ்பீக்கரில் போட்டான். நீண்ட எண் வரிசையை அக்கா வாசிக்க, அவன் அமுக்கினான். கடைசியில் பதிவுக் குரல் கேட்டது: “இந்த லைசென்ஸ் எத்தனை கம்ப்யூட்டரில் உள்ளது?”

ஒன்றை அமுக்கப் போனவன் கையில் பளாரென்று ஒன்று விழுந்தது. அக்கா இரண்டை அமுக்கினாள்.

“என்னக்கா பண்றீங்க! எல்லாரும் ஒண்ணுதான் சொல்லுவாங்க!”

“என் தங்கச்சி வீட்டு மெஷின்ல இதையே போட்டது யாரு? நீதானே? மனுவுல ஒரு பொய் எழுதச் சொன்னாலே ஆளைத் திருப்பி அனுப்புறவ நான்.”

குரல் மறுத்துவிட்டது. லைன் ஓர் ஆளுக்குப் போனது. அக்கா போனை அவன் பக்கம் தள்ளினாள். ஃபார்மேட் போனருகில் குனிந்தான். லைசென்ஸ் போய்விட்டால் அவள் இந்த ஜென்மத்தில் கதவைத் திறக்க மாட்டாள்.

“சார், தப்பு என்னுதுதான். அக்காவுக்கு விவரம் தெரியாது. நான்தான் ரெண்டாவது மெஷின்ல போட்டேன். இன்னைக்கே எடுத்துடுறேன்.”

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம். “பத்து வருஷமா இந்த சீட்டுல இருக்கேன். ரெண்டுன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான். நம்பர் தர்றேன், எழுதிக்கோங்க.”

அவர் சொல்லச் சொல்ல அக்கா அடித்தாள். அவள் வேகத்துக்கு அவர்தான் மூச்சு வாங்கினார். விண்டோஸின் கதவு திறந்தது. பென்டிரைவிலிருந்து ‘பழைய ரசீது’ இறங்கியது. கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பார்த்தவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“படிச்சியா?”

“சத்தியமா இல்லக்கா.”

“சரி. நாளைக்கு வந்து பிரிண்டரையும் பாரு.”

பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனான். வாய் சும்மா இருக்குமா?

“ஆனா அந்த மாமியாரைச் சாகடிச்சிருக்க வேணாம்க்கா. நல்லாப் பேசுச்சு, பாவம்.”

அக்கா செருப்பைத் தேடுவதற்குள் அவள் தங்கச்சி வீட்டை நோக்கி அவன் பாதித் தெரு தாண்டியிருந்தான்.