இரு கரைக்கும் ஒரே கேத்தல்

கையை நீட்டச் சொல்லிவிட்டுத்தான் சுதாராணி தேநீர் ஊற்றுவாள். தம்ளர்தான் வரப்போகிறது என்று நீட்டினால் உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி விழும். தம்ளர் அடுத்த கைக்கு. பால் கிடையாது, வெறும் சாயத் தேநீர். ஒரு மிடறு சாயம், ஒரு நக்கு சீனி. செண்பகனூரைத் தாண்டி இறங்கும் மலைச் சாலையில், ஓடைப் பாலத்தை ஒட்டிய அந்தத் தகரக் கூரைக் கடையில் அதுதான் முறை. டவுன் பஸ் டிரைவர்கள் பழகிக்கொண்டார்கள். பெங்களூரிலிருந்து வரும் இளஞ்சோடிகள் முதலில் விழிப்பார்கள். பிறகு கையை நக்குவதைப் படமெடுத்துக்கொள்வார்கள். சர்க்கரை என்று யாராவது கேட்டால், "சீனின்னு கேளுங்க, வெரசா வரும்" என்பாள்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காதை மூடிச் சுற்றிய மஃப்ளர், மணிக்கட்டில் ரொட்டிக்கல் சுட்ட தழும்புகள். தேங்காய் ரொட்டியைக் கையாலேயே தட்டிப் போடுவாள். புரட்டும்போது கல்லைப் பார்ப்பதில்லை, கண் சாலையில் இருக்கும். நிறுத்தத்தில் நிற்காமல் பஸ் போகப் பார்த்தால் ஆவி பறக்கும் கேத்தலோடு நடுரோட்டில் போய் நிற்பாள். ஹாரன் அடித்தால், "அடிங்க, அடிங்க. தொண்டை வறண்டா டீ இருக்கு" என்பாள்.

கேத்தல், சீனி, கையில் கொட்டும் பழக்கம் எல்லாம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவை. இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பியபோது, அப்பா பிச்சையாவின் தோளில் உட்கார்ந்து ராமேஸ்வரத்தில் இறங்கியவள் அவள். அதைக் கதையாகச் சொல்லமாட்டாள், வழக்காகச் சொல்வாள். "அங்கிட்டு ஒரு தொரை, இங்கிட்டு ஒரு தொரை, ஒக்காந்து ஆளுங்களைப் பங்கு போட்டாங்க. ஒரே லயத்து வரிசை வீட்டுல கூரைக்குக் கூரை ஒட்டிக் கெடந்தோம். எறங்குன எடத்துல சித்தப்பன் நீலகிரிக்கு, அத்தை ஆந்திராவுக்கு, நாங்க இந்தக் குளிருக்கு. எங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கேட்டிருந்தா என்னக்கா சொல்லியிருப்பீங்க?" என்றார் ஒரு டிரைவர்.

"கேட்டிருந்தா இம்புட்டுத் தூரம் வந்து ஒனக்கு ரொட்டி சுடுவனா? பேசாமத் தின்னு."

பாலத்துக்குக் கீழே ஓடையின் இரு பக்கமும் பேரிக்காய்த்தோட்டம் என்கிற, சிலோனிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பு. மேட்டுக்கரையில் பாதி வீடுகள், பள்ளக்கரையில் பாதி. கேரட் காட்டுக்கும் லாட்ஜுகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். வெகுகாலம் அவர்களுடைய ஓட்டு மட்டும் பஞ்சாயத்துக்குப் போனது, ஆள் போனதில்லை. சென்ற தேர்தலில் இரு கரையும் சேர்ந்து நின்று, பள்ளக்கரைச் சத்தியபிரியாவைப் பஞ்சாயத்து உறுப்பினராக்கினார்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர்த் தொட்டி வந்தது, தெருவிளக்கு எரிந்தது.

இப்போது எல்லையை மாற்றி வரைகிறார்கள். மேட்டுக்கரை டவுனோடு சேருமாம், பள்ளக்கரை பஞ்சாயத்திலேயே இருக்குமாம். செய்தியைக் கொண்டுவந்தவர் லாட்ஜ் நடத்தும் சண்முகராஜ். மாநிலத்தை ஆளும் கட்சிக்காரர். மாலை நேரம் கடை பெஞ்சில் அமர்ந்து மாநில உரிமை பற்றி முழங்கிவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"மேட்டுக்கரைக்கு லக்குதான் ராணிக்கா. ரோடு, டிரெய்னேஜ் எல்லாம் சூப்பரா வந்துரும்."

"பள்ளக்கரைக்கு?"

"அது அப்படியே கெடக்கும். ஓடை நேச்சுரல் பவுண்டரிக்கா, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

சுதாராணி ரொட்டியைப் புரட்டினாள். "ஒண்ணா நின்னா நாங்க ஒரு தலைங்க. வெட்டுனா டவுனுக்கு ஒரு வாலு, பஞ்சாயத்துக்கு ஒரு வாலு. வாலு எந்த ஊர்ல செயிச்சிருக்கு?"

"நீங்க பாலிடிக்ஸ்ல எறங்கலாம்க்கா" என்று அவர் சிரித்தார்.

"தெனம் இதே பெஞ்சுல நீங்க என்னா சொல்றீங்க? டில்லி எல்லாத்தையும் கைக்குள்ள வச்சிருக்கு, நம்மளக் கேக்காமச் செய்யுதுன்னு. நெசந்தான். டில்லி ஒங்களக் கேக்காமக் கோடு போட்டா அநியாயம். நீங்க எங்களக் கேக்காமக் கோடு போட்டா மட்டும் வளர்ச்சியாங்க?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கையில் மிஞ்சிய சீனியை என்ன செய்வதென்று தெரியாமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார் சண்முகராஜ்.

ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று டவுனில் ஒரு கூட்டம் போட்டார்கள். சுதாராணி கடையைச் சாத்திவிட்டு இரு கரையையும் கூட்டிக்கொண்டு போனாள். நீங்கள் எந்தக் கரை என்று கேட்டார் மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி.

"வீடு மேட்டுக்கரைங்க. கடை பாலத்தை ஒட்டி. மகளக் கட்டிக் குடுத்தது பள்ளக்கரை. துணி காயுறது ரெண்டு கரைக்கும் இழுத்துக் கட்டுன கயித்துல. நான் எங்கிட்டு நிக்கட்டும், சொல்லுங்க."

பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். திரும்பும் வழியில் ஜீப்பில் யாரோ நம்பிக்கையாகப் பேச ஆரம்பித்ததும், "பேசாம வாங்கடி. பொண்ணு பாக்க வந்தவன் பஜ்ஜியத் தின்னுட்டு, ஊருக்குப் போயிக் கடுதாசி போடுறேன்னானாம்" என்றாள்.

கடுதாசிக்குப் பதில் சாயம் வந்தது. பனி இன்னும் கலையாத ஒரு காலையில், வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக ஜெயச்சந்திரன் என்கிற இளம் அலுவலர் பாலத்தில் வந்து நின்றார். கைப்பிடிச் சுவரில் எல்லைக் குறி போட வேண்டும். "இப்போதைக்கு ஒரு மார்க்தான்மா. நான் என்ன செய்ய, போடச் சொல்லிட்டாங்க" என்றார், யாரும் கேட்கும் முன்பே.

சுதாராணி கத்தவில்லை. "ஒங்க சோலி அது, செய்ங்க தம்பி. வெள்ளனே பனியில வந்திருக்கீங்க. மொதல்ல ஒரு டீ. கையை நீட்டுங்க."

ஒரு கைக்குத் தம்ளர், மறு கைக்குச் சீனி. டப்பாவைத் தரையிலும் பிரஷைச் சுவர் மேலும் வைக்க வேண்டியதாயிற்று.

அவர் முதல் மிடறு குடிக்கும்போது பள்ளக்கரையிலிருந்து சத்தியபிரியா ஏறி வந்து சுவரில் உட்கார்ந்தாள். அவளை ஒட்டி மேட்டுக்கரைப் பெண் ஒருத்தி. கேரட் காட்டுக்கு ஆளேற்றும் ஜீப் வந்தது, ஹாரன் அடித்தது. மண்வெட்டியோடு காத்திருந்தவர்கள் அதில் ஏறவில்லை. ஒவ்வொருவராக வந்து, தோளோடு தோள் நெருக்கி, சுவரில் அமர்ந்தார்கள். ஜீப் காலியாகப் போயிற்று. சுவர் தெரியவில்லை. பிரஷ் யாருடைய சேலைக்கு அடியில் போயிற்றென்றும் தெரியவில்லை.

ஜெயச்சந்திரன் தம்ளரைக் காலி செய்தார். சீனியும் தீர்ந்தது. ஒட்டும் கையை விரித்தபடி சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "அம்மா, சார் கேப்பாரும்மா" என்றார்.

சுதாராணி அடுப்பிலிருந்து கேத்தலை எடுத்தாள். அவருடைய தம்ளரை விளிம்புவரை மறுபடி நிரப்பினாள். சீனி டப்பாவுக்குள் கரண்டியை ஆழ விட்டுக் குவியலாக அள்ளி, அவர் முன்னால் பிடித்தாள்.

"கையை நீட்டுங்க, தம்பி."