உடைத்த சுண்ணாம்பு எங்கே?

கிளியனூர் பச்சைமுத்து மாமா டிராக்டரை என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தாலே எனக்குத் தலைவலிதான். புது பேரிங் போட்டால் பழையதைக் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுத்தாலும், "இது என் வண்டியோடதுதானா தென்னரசு?" என்பார். அவரிடம் திருட்டுப் பட்டம் வாங்காத மெக்கானிக் திண்டிவனத்தில் கிடையாது.

போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி. விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு கல்லாக இறுகிவிட்டது, அப்படியே ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தால் விரியாது, சின்ன பலூனை உள்ளே அனுப்பி ஒலி அலையால் கல்லை உடைத்துவிட்டு வைக்கிறோம் என்றார் டாக்டர் அஸ்வினி.

"எங்க ஊர் திருவிழாவுல காது கிழிய ஸ்பீக்கர் கட்டறான். ஒரு ஓடு உடையலியே" என்றார் மாமா. வலி தாங்காமல்தான் ஒத்துக்கொண்டார்.

ஸ்டென்ட் வைத்து முடித்து வார்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, "உடைச்ச சுண்ணாம்பு எங்கம்மா?"

"அது வெளிய வராதுங்க ஐயா. குழாய்ச் சுவருக்குள்ளயே விரிசல் விட்டு நிக்கும்." டாக்டர் முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினார்.

"யார் நெஞ்சோ" என்று என் காதில் முணுமுணுத்தார் மாமா.

வீடு திரும்பிய மறுநாள் காலை அம்சவள்ளி அத்தை போன் செய்தார். மாமா மாத்திரை போட மாட்டேன் என்கிறாராம். ஒருவேளைகூட விடக் கூடாது, ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் உயிர் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஓடினேன்.

"வெக்காத ஸ்டென்ட்டுக்கு இன்னாத்துக்குடா மாத்திரை?"

"வலி போச்சா இல்லியா மாமா?"

"ஊசி போட்டு அமுக்கி வெச்சிருப்பாங்க. அந்த டாக்டரோட நீயும் கூட்டா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "எக்கேடோ கெட்டுப் போ" என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

அத்தை மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றார். "நீங்க யாரையும் நம்ப வேணாங்க. எனக்கு பயமா கீது."

மண்வெட்டியால் பாம்பை அடித்துப் போட்டுவிட்டு, கை கழுவிச் சோறு வடிக்கப் போகிறவர் அத்தை. பயம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. மாமாவும் கேட்டிருக்க மாட்டார். இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று அத்தையின் முகத்தையே பார்த்தார். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் சொம்பு; துடைக்காத கண்ணீர் அத்தையின் புடவையில் சிந்திக்கொண்டிருந்தது.

"அழுவாத. குடு" என்று கையை நீட்டினார்.