வண்டியில் ஏறினால்தான் டீ

ஊட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து சோலூருக்கு விடியற்காலையில் கூலியாட்களை ஏற்றிப் போகும் ஜீப் என்னுடையது. தரணிதரன் வண்டி யாருக்காகவும் நிற்காது என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. சீட்டில் யாராவது டீயைச் சிந்திவிட்டால் சோலூர் வரைக்கும் திட்டிக்கொண்டே போவான் என்று இன்னொரு பெயரும் உண்டு. இரண்டையும் லீலாவதி அக்கா ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை.

அக்காவின் டீக்கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம், கல்யாணமாகி மலையேறியவர். காலையில் அடுப்பைப் பற்றவைத்த கையோடு ஸ்டாண்டுக்குள் போய், பெஞ்சுகளில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடப்பவர்களைத் தட்டி எழுப்புவார். வீடில்லாமல், வருஷக்கணக்கில் வேலையில்லாமல் கிடக்கிற ஆட்கள். அவர்களைக் கேரட் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் அனுப்பிவைக்கும்படி அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால், "கடைக்கு முன்னால இத்தன பேரு சுருண்டு கெடந்தா யாவாரம் ஆகுங்களா?" என்பார். சுத்தப் பொய். யாவாரத்தில் பாதி அவர்களுக்கு இலவச டீயாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் அந்த டீயே வினையாக முடிந்தது. குளிருக்கு இதமாகக் குடிப்பார்கள். குடித்த சூட்டில் அடுப்புப் பக்கமே குந்திவிடுவார்கள். நான் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து கிளம்பிவிடுவேன். "அக்கா, இவங்க டீக்குத்தான் வர்றாங்க, வேலைக்கு வரல" என்று ஒரு நாள் சொல்லியும்விட்டேன். அக்கா முறைத்தார். மறுநாள் டீ கேனைத் தூக்கிக்கொண்டு நேராக என் ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இனிமே டீ வண்டியிலதானுங்க. வேணுங்கறவிக ஏறுங்க."

ஏறினார்கள். டம்ளர் கைக்கு வந்ததும் அக்கா இறங்கிக்கொள்வார், நான் வண்டியை எடுத்துவிடுவேன். அவர்கள் குடித்து முடிக்கும்போது ஊர் தாண்டியிருக்கும். என் சீட்டு நாசமானது அந்த நாளிலிருந்துதான்.

விஜயன் ஒருவன் மட்டும் டீயை வாங்கிக்கொண்டு, வண்டி நகரும்போது குதித்து ஓடிவிடுவான். பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் ஆள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும் பிழைப்பு. எஸ்டேட் மூடியதும் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தவன். ஏமாற்றுக்காரன் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அக்கா அப்படி விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். பெஞ்சுக்கு அடியில் அவனுடைய மூட்டை இருந்தது. கம்பளி ஒன்று, அம்மாவின் போட்டோ, இரண்டு சட்டை. வேலைக்குப் போனால் அதை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். எனக்கு இது தோன்றவே இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவனுக்கு எப்படித் தோன்றும்?

அக்கா அந்த மூட்டையை வாங்கிக் கடைப் பரணில் பிஸ்கட் டின்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "சாயங்காலம் வந்து எடுத்துக்க சாமி. என்னத் தாண்டி எவனும் தொட முடியாது." அன்றைக்கு விஜயன் குதிக்கவில்லை. இப்போது சோலூரில் ஒரு டீ பேக்டரியில் நிரந்தர வேலை, இங்கே வாடகைக்கு ஒரு அறை. பரண் முழுக்க இன்று வேறு மூட்டைகள்.

இப்பேர்ப்பட்ட அக்காவுக்கு வீட்டுக்குள்ளேயே வேலையில்லாத ஒரு ஆள் இருந்தார். கடைக்கு மேல் மாடியில், ஜன்னலோரம், நாற்காலியில். அவருடைய வீட்டுக்காரர் மாணிக்கம் மாமா. ஒரு பேக்டரியில் தேயிலைத் தூளின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்தவர். இலை எப்போது பதமாகிறது என்று வாசனையிலேயே சொல்லக்கூடியவர் என்பார்கள். அந்த பேக்டரி மூடி ஆறேழு வருஷமாகிறது. முதலில் வேலை தேடினார். பிறகு தேடுவதாகச் சொன்னார். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார். அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தினமும் முதல் டீயை வெள்ளி டம்ளரில் ஆற்றி மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். "தூள்ல வாசமே இல்ல" என்று குறை சொல்லிக்கொண்டே மாமா குடிப்பார்.

"ஊருக்கெல்லாம் வேல வாங்கித் தர்றீங்க, ஊட்டுக்காரருக்கு?" என்று கடைக்கு வருகிறவர்கள் விளையாட்டாகக் கேட்பார்கள். அக்காவும் சிரித்து வைப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

போன தை மாதம் விஜயன் ஒரு சேதி கொண்டுவந்தான். அவனுடைய பேக்டரியில் இலை எடை போட்டு வாங்குகிற இடத்துக்கு ஆள் வேண்டும். திங்கட்கிழமை வரை பார்ப்பார்கள், அப்புறம் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அக்கா மாடிக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் வாடிய முகத்தோடு இறங்கி வந்தார்.

"டீ மேக்கரா இருந்தவன் தராசு புடிக்கப் போறதான்னு கேக்கறாருங்க. அவர எப்புடி நான் கட்டாயப்படுத்தறது? மரியாதையா வாழ்ந்த மனுசன்."

விஜயன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. என்கிட்டயும் டீயைப் படுக்கையில கொண்டாந்து குடுத்திருந்தீங்கன்னா, நான் இன்னைக்கும் அந்த பெஞ்சுலதான் கெடப்பேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அக்கா கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. மாடிக்கு டீ போகவில்லை. அக்கா வழக்கம்போல ஜீப்பில் ஏறி எல்லாருக்கும் ஊற்றினார். பிறகு வெள்ளி டம்ளரைக் கையில் எடுத்து, ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க! உங்க டீ வண்டியில இருக்குதுங்க!"

ஜீப்பில் எல்லாரும் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது. அக்காவின் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டேன். கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. நான் இறங்கி, நன்றாக இருந்த டயரை எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்தேன்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாணிக்கம் மாமா ஸ்வெட்டரும் குல்லாயுமாக இறங்கி வந்தார். காலில் பழைய பேக்டரி பூட்ஸ். அது பளபளவென்று இருந்தது. அவசரத்தில் தேய்த்த பளபளப்பு இல்லை. முந்தின நாளே உட்கார்ந்து பாலிஷ் போட்டிருக்க வேண்டும். மனுஷன் ஒரு வார்த்தை கூப்பிடுவதற்காகத்தான் காத்திருந்தாரோ என்னவோ!

நான் ஓடிப்போய் முன் கதவைத் திறந்தேன். அவர் அதைத் தாண்டிப் போய்ப் பின்பக்கம் ஏறி, விஜயனுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கையை நீட்டினார். எத்தனையோ பேருக்குச் சிந்தாமல் டீ கொடுத்த அக்கா அன்றைக்கு டம்ளரைப் பார்க்காமல் மாமா முகத்தையே பார்த்துக்கொண்டு நீட்டினார். பாதி டீ என் புது சீட் கவரில் கொட்டியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பரவால்லீங்க அக்கா, இன்னொரு டம்ளர் ஊத்துங்க" என்றேன். "வண்டி நிக்கும்."

மாமா ஒரு வாய் குடித்தார்.

"தூள்ல வாசமே இல்ல லீலா."

"அப்ப நல்லதா நீங்களே கொண்டாங்க" என்றார் அக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டார்.