ஒரே திரையில் மூன்று பேர்

வந்திருந்தவர் பர்வீன். வராதவர்கள் செல்வி, முத்துமாரி. பின்லாந்தில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகமும் திண்டுக்கல் கல்லூரி ஒன்றும் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடத்தில், பருவம் முழுக்கக் கணினி இப்படித்தான் பதிந்திருந்தது. பங்கேற்புக்கு இருபது மதிப்பெண். அதில் குறைந்தது ஐந்து வாங்காவிட்டால் தேர்ச்சி இல்லை. யார் எவ்வளவு நேரம் காணொளி பார்த்தார், எத்தனை கேள்விக்குப் பதில் எழுதினார் என்று ஆளாளுக்குத் தனியாகப் பதியும் அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவன் நான்தான். பர்வீனுக்குப் பதினெட்டு. மற்ற இருவருக்கும் பூஜ்யம்.

பர்வீனைக் காணொளியில் அழைத்தேன். ஒரே போனுக்குள் மூன்று முகங்களும் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன. ஆளுக்கொரு போன் இருக்கிறதே என்று கேட்டேன்.

“இருக்கு சார். தனியாப் பாத்தா செத்த நேரத்துல தூங்கிர்றோம். இந்த முத்துமாரி நடுவுல நிப்பாட்டி, ‘என்னடி சொல்றாரு’ன்னு கேப்பா. அவளுக்குச் சொல்லப் போயித்தான் எனக்கே புரியும்” என்றாள் பர்வீன்.

“தூங்குறது இவ மட்டுந்தான் சார்” என்று பர்வீனைக் காட்டினாள் செல்வி.

இங்கே பின்லாந்தில் வகுப்பில் இருவருக்கு நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுத்தான் உட்காருகிறார்கள். வந்த புதிதில், ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன். பழகிய பிறகு அந்தக் காலி நாற்காலியை என் பாடத்துக்குள்ளும் போட்டுவிட்டேன். திண்டுக்கல் பக்கம் கன்னிவாடியில் எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் யாருமில்லை. மூன்று பேர் பெஞ்சில் ஐந்து பேராக உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்துக் கேட்டுக் கேட்டுத்தான் பட்டம் வாங்கினேன். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

என்னோடு அந்தப் பாடத்தை நடத்தும் ஆன்னெலியிடம் சொன்னேன். பதில்கள் யாருடையவை என்று கேட்டார். மூன்று பேருடையவையும்தான் என்றேன். அவர் உடனே நோட்டை எடுத்துப் பதினெட்டை மூன்றால் வகுத்தார். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு இல்லை, ஒவ்வொருத்தியும் முழுசாகக் கற்றிருக்கிறாள் என்று வாதாடினேன். அடுத்த ஆண்டு பாடத்தையே மாற்றுவோம், இந்த ஆண்டு இருக்கிற விதிப்படி பிரிக்கத்தான் முடியும் என்றார். அதற்கும் பர்வீன் சம்மதித்து எழுதித் தர வேண்டுமாம். பதினெட்டோடு இருந்தால் வகுப்பில் அவள்தான் முதல். தயங்கித்தான் கேட்டேன்.

“பிரிச்சிருங்க சார். இதுக்குப் போயி லெட்டரா?”

அடுத்த ஆண்டுப் பாடத்தில் ஒரு திரைக்கு மூன்று பெயர் பதியலாம். இந்த ஆண்டு மதிப்பெண் தாளில், ஆன்னெலி பெயருக்குக் கீழே இந்த ஊர் ஆசிரியனாகக் கையெழுத்திட்டேன். மனசு மட்டும் அந்தப் பிள்ளைகளின் பெஞ்சு ஓரத்தில், நாலாவது ஆளாக இடம் பிடிக்கப் பார்த்தது. செல்விக்கு ஆறு, முத்துமாரிக்கு ஆறு, பர்வீனுக்கு ஆறு. பர்வீன் விட்டுக்கொடுத்தது பன்னிரண்டு.