வடிகட்டியில் நின்ற கூழ்

நேற்று மில்லர்புரம் வீட்டில் பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. என் மனைவிக்கு அது பட்டுச்சேலை வாசனை. எனக்கு அது வேறு வாசனை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

துறைமுகச் சாலையில் ஒரு சின்ன ஆய்வகத்தில்தான் என் முதல் வேலை. கப்பலில் வரும் பிளாஸ்டிக் குருணை கயிறு திரிக்க ஆகுமா என்று ஒரு கம்பெனிக்குச் சோதித்துச் சொல்ல வேண்டும். குருணையைக் கரைக்கும் திரவம் சூடேறினால் இதே வாசனைதான். சட்டை, சோறு, தலையணை எதையும் விடாது. பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைய பழைய பெட்டியில வச்சிருந்தாவளோ" என்று யாரோ சிரித்தார்கள்.

பிளாஸ்டிக் என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். நேராக இருந்தால் நெருங்கிப் படுக்கும், கயிறு உறுதியாகும். கிளை விட்டிருந்தால் ஆகாது. நேர்க்கம்புகளைக் கட்டாகக் கட்டிவிடலாம். உடைமரக் கிளைகளைக் கட்டிப் பாருங்கள், தெரியும். கிளை கண்ணுக்குத் தெரியாது. குருணையைக் கரைத்து, வடிகட்டி, கருவிக்குள் செலுத்த வேண்டும். ஒரே எடையிருந்தாலும் கிளைவிட்ட சங்கிலி சுருங்கியிருக்கும்; வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு வந்த எனக்கு அந்த வரைபடம்தான் வேதவாக்கு.

ஜெபமாலை அக்கா அங்கே உதவியாளர், திரேஸ்புரத்துக்காரர். கணவர் அந்தோணி அண்ணன் சங்கு குளிப்பவர்; இடுப்பில் கட்டிய கயிற்றை நம்பித்தான் கடலில் மூழ்குவார். ஒருநாள் அக்கா வடிகட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"கூழு மாதிரி ஒட்டிக் கெடக்கு தம்பி. காயவச்சு எடை போட வேண்டாமா?"

"அது தூசிக்கா, தூரப் போடுங்க. கோடு எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாத்தியளா?"

கிளைகள் பின்னிக்கொண்டு கரையாமல் நின்றதுதான் அந்தக் கூழ். எனக்குத் தெரியாததல்ல. காயவைத்து எடை பார்க்க அரை நாள் ஆகும், அவ்வளவுதான். கெட்டதை வடிகட்டியில் நிறுத்திவிட்டு, நல்லதை மட்டும் கருவிக்குக் காட்டி, சரக்கு தேறியது என்று கையெழுத்துப் போட்டேன்.

தேறிய சரக்கில் திரித்த முதல் சுருளைக் கம்பெனி ஆய்வகத்துக்கு அனுப்பும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வோம். அந்தச் சுருளை நானே அக்காவிடம் கொடுத்தேன். "அண்ணனுக்கு இடுப்புக் கயிறாகும்க்கா" என்று பெரிய மனுஷத்தனம் வேறு.

நாலு மாதம் கழித்து, நீரோட்டம் கடுமையாக இருந்த ஒரு காலை, படகிலிருந்தவர்கள் கயிற்றை இழுத்தபோது வெறும் நுனிதான் வந்தது. அண்ணன் கிடைக்கவே இல்லை.

துக்கம் கேட்கப் போனேன். அந்த நுனி அக்காவின் மடியில் கிடந்தது. அறுந்த இழைகளில் மணல்மணலாகக் கட்டிகள். அதே கூழ்தான் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

"இன்னொருக்கா சொல்லியிருக்கணும் தம்பி. என் கையாலல்லா தூரப் போட்டேன்."

போடச் சொன்னது நான்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் அவருடைய ஆட்கள். பயந்துவிட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு, கொடுத்த காபியைக் குடித்தேன். என்னை மாதிரி ஒரு கோழையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆய்வகம் இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள். அக்கா அதன்பின் வேலைக்கு வரவில்லை. மகளோடு வெளியூர் போய்விட்டார். எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டு, போன வருஷம் ஒருவழியாகச் சொல்லிவிடுவதென்று விசாரித்துப் போனேன். அக்கா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அப்பா செத்தது தன்னாலதான்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாவ. ஏன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று மகள் கேட்டாள்.

தெரியாது என்றேன்.