ஆமை விளக்கு

இடது கை சக்கரத்தை அணைத்துப் பிடித்திருக்க, வலது கை கடைசி நட்டைக் கழற்றியது. சக்கரத்தைச் சாக்கின் மேல் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளும் பிரேக் தட்டுக்குப் போயின. பெருவிரல் அதன் முகத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை தடவிப் பார்த்தது. வழவழப்பாக இருக்க வேண்டிய இரும்பில் வட்டம் வட்டமாகப் பள்ளங்கள். ஓரத்தில் நீலம் படர்ந்திருந்தது. இரும்பு திரும்பத் திரும்பக் கொதித்து ஆறினால்தான் அந்த நீலம் வரும். விரல்கள் பிரேக் பேடை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தன. வெளிப்பக்கத்துப் பேடில் நாலு மில்லிமீட்டர் மிச்சம். உள்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அதைத் தள்ளும் பிஸ்டனை அமுக்கிப் பார்த்தபோது அது அசையவே இல்லை.

கைகள் வேலையை நிறுத்திவிட்டு யோசித்தன. மின்சாரக் காருக்குப் பிரேக் இப்படித் தேயக் கூடாது.

"என்னக்கா, பேட்டரிய பாருங்கன்னு வண்டியக் கொண்டாந்தா, சில்லக் கழட்டிப் போட்டுட்டு ஒக்காந்துட்டீங்க?" என்றான் காரின் சொந்தக்காரன் மதுரன்.

"பேட்டரிய காலையிலயே பாத்தாச்சு. தொண்ணூத்தாறு செல்லும் ஒரே அளவுல நிக்கிது. கெழடுதான். சாகல" என்றாள் பதுளை டவுனில் கராஜ் வைத்திருக்கும் துஷ்யந்தி.

கவிழ்த்துப் போட்ட எண்ணெய் வாளியின் மேல் உட்கார்ந்திருந்த ஸனூஸ் சிரித்தார். பதுளையில் பழைய வாகனம் வாங்கி விற்கிற தரகர் அவர். சட்டைப் பையில், காரை விற்பதற்கு மதுரன் கையெழுத்துப் போட வேண்டிய தாள் நாலாக மடிந்து இருந்தது. "தங்கச்சி, கொழும்புல கொம்பனிக்காரனே முடிஞ்சிட்டுன்னு எழுதிக் குடுத்தீக்கிறான். நீங்க சாகலங்கிறீங்க. வண்டிய எனக்குத் தந்துட்டு இவரு நிம்மதியா இரிக்கட்டுமே."

மதுரன் அந்தச் சட்டைப் பையைப் பார்த்தான். அவனுடைய அப்பா பதுளைக்கு மேலே உள்ள ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் மானேஜர் தொரையின் ஜீப்புக்கு டிரைவராக இருந்தவர். அவனும் பதினேழு வருடம், எல்ல என்ற சுற்றுலா ஊரில் யார் யாருடைய வேன்களையோ ஓட்டியவன். பெட்ரோலுக்காக ஊரே நாள் கணக்கில் வரிசையில் நின்ற வருடத்தில், வரிசையைத் தாண்டிச் சத்தமில்லாமல் போன ஒரு மின்சாரக் காரைப் பார்த்து, இருந்ததையெல்லாம் விற்று இந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கினான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் தன் பெயரில் ஒரு வண்டி நின்றது அவன் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. இப்போது ஒரு மாதமாக, எல்ல போய்த் திரும்பி வீட்டுக்கு ஏறும்போதெல்லாம், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்து வளைவில் மீட்டரில் ஆமை விளக்கு எரிந்துவிடுகிறது. சார்ஜ் தீரப்போகிறது, இனி ஆமை மாதிரித்தான் நகரும் என்பதற்கான அடையாளம் அது. நாலு தடவை லயத்து ஆட்கள் தள்ளி ஏற்றினார்கள். காருக்கு 'ஆமை' என்றே பெயரும் வைத்துவிட்டார்கள்.

"கொம்பனிக்காரர் இன்னொண்ணும் சொன்னாருக்கா. இது எஸ்டேட் ரோட்டுக்கு செஞ்ச கார் இல்லையாம்."

"ஏன், ஜப்பான்ல மலை இல்லையாமா?" என்று கேட்டுவிட்டு துஷ்யந்தி பிஸ்டனைக் கழற்றத் தொடங்கினாள்.

இந்த மாதிரிப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. பத்தொன்பது வயதில், ஸ்பிரிங்வெளி லயத்திலிருந்து இறங்கி, பதுளையில் இத்ரூஸின் மோட்டர் சுற்றும் கடைக்கு வேலைக்குப் போனாள். தேயிலைத் தொழிற்சாலைகளில் எரிந்துபோன மோட்டர்கள் அங்கேதான் வரும். செம்புக் கம்பியைச் சுற்றுகிற வேலை. நூற்றிருபது சுற்று என்றால் நூற்றிருபதுதான். ஒன்று குறைந்தாலும் மோட்டர் சூடேறும். பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்துக் கணக்கு தவறினால், சந்தேகமே வேண்டாம் என்று முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றுவாள். "இந்தப் புள்ளையோட வேல செஞ்சா ஒரு மோட்டருக்கு ஒரு கெழம போகும்" என்று மற்றவர்கள் முனகினார்கள். அவள் சுற்றிய மோட்டர்கள் திரும்பி வராததைப் பார்த்த பிறகு முனகல் நின்றது.

முதல் மின்சாரக் கார் பதுளைக்கு லாரியில் ஏற்றி வரப்பட்டபோது, எந்தக் கராஜும் அதைத் தொடவில்லை. அவள் தொட்டாள். ஜப்பான் மொழிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தொலைபேசியில் படம் பிடித்து, மொழிபெயர்க்க வைத்துப் படித்தாள். அதற்கே எட்டு மாதம் ஆனது. வீட்டுக்கு ஒரு நல்ல கட்டில் வாங்கும் முன் ஆயிரம் வோல்ட் தாங்கும் கையுறை வாங்கினாள். "லயத்துப் பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல? கரண்ட் அடிச்சா கரியாப் போயிருவா" என்று ஒரு கராஜ்காரர் அவள் காதுபடவே சொன்னார். மறு வருடம் அவருடைய மருமகனின் கார் அவளிடம்தான் வந்தது. அவள் அதை மற்ற வண்டிகளுக்குப் பின்னால், வரிசையில் நிறுத்தினாள்.

பிஸ்டன் கையோடு வந்தது. சுற்றிலும் துரு, உள்ளே இருந்த ரப்பர் வெந்து சுருங்கியிருந்தது.

"தம்பி, ஒரு கேள்வி. ஸ்பிரிங்வெளியில இருந்து டவுனுக்கு எறங்குறப்ப வண்டிய எப்படி விடுவ?"

மதுரனின் முகம் மலர்ந்தது. அவனுக்குப் பெருமையான விஷயம் அது. "எப்படின்னா? நியூட்ரல்ல போட்டா டவுன் வரைக்கும் உருளும். ஒரு பொட்டு செலவில்ல. எல்லயில இருந்து திரும்புறப்பவும் அப்படித்தான். எறக்கத்துல எண்ணெய எரிக்கிறவன் டிரைவரான்னு எங்கப்பா கேப்பாரு."

துஷ்யந்தி துருவேறிய பிஸ்டனை அவன் முன்னால் வைத்தாள். "இந்த வண்டியில எங்க தம்பி எண்ணெய் இருக்கு?"

"அது சரி, கரண்ட மிச்சம் புடிக்கத்தான்..."

"ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலத் தூக்குனா வண்டி பின்னால புடிச்சு இழுக்குமே, அது என்னன்னு நெனச்ச?"

"அதான் புடிக்கல. யாரோ சட்டையப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு. அதுக்குத்தான் நியூட்ரல் போடுறேன்."

"இழுக்கல. அது மலையத் தின்னுது. எறக்கத்துல சில்லு மோட்டர சுத்தும். சுத்துனா மோட்டர் கரண்ட் தரும். அந்தக் கரண்டு பேட்டரிக்குப் போகும். நீ நியூட்ரல்ல போட்டு அதோட வாயக் கட்டிட்ட. அம்புட்டு எறக்கத்தையும் பிரேக்குல புடிச்ச. பிரேக் வெந்து இந்தப் பிஸ்டன் எறுகிப்போச்சு. ஒரு மாசமா முன்சில்லு பிரேக்கக் கட்டிக்கிட்டே மலை ஏறியிருக்க. பேட்டரி என்ன பண்ணும்?"

ஸனூஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். "மிச்சம் புடிச்சே பேட்டரிய முடிச்சீக்கிறாரு!"

மதுரன் எழுந்துவிட்டான். "அப்ப எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்கிறீங்களா? இருவது வருசமா இந்த மலையில ஓட்டுறேன். ஒரு கீறல் போட்டதில்ல."

"பெட்ரோல் வண்டி ஒன்ன மாதிரி ஓட்ட இந்தப் பக்கம் ஆளில்ல. அதத்தான் மறக்கச் சொல்றேன்."

"மறக்குறதா? இது போச்சுன்னா நான் மறுபடி அடுத்தவன் வேனுக்குத்தான் சாவி வாங்கப் போகணும். அது தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரிஞ்சுதான் பேசுறேன். ஒக்காரு."

அவன் உட்காரவில்லை, ஆனால் போகவும் இல்லை. அவள் ஸனூஸ் பக்கம் திரும்பி, அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள். "நானா, நாளைக்கு ஒரு நாள் பொறுங்க. வழக்கம் போல ஓடட்டும். கீழ எறங்கி, எல்ல போய், திரும்பி மேல ஏறட்டும்."

"ஆமை எரிஞ்சா?"

"எரிஞ்சா அந்த எடத்துலயே சாவி ஒங்களுக்கு" என்றான் மதுரன், துஷ்யந்தி வாய் திறக்கும் முன். கோபத்தில் சொன்னான். சொன்ன பிறகு விழுங்க முடியவில்லை.

"அப்ப நானும் வாறேன். பொறகால ஒருத்தரும் கதை செல்லக் கூடாது" என்றார் ஸனூஸ்.

அன்று மாலைக்குள் துஷ்யந்தி பிஸ்டனைத் தேய்த்து, புது ரப்பர் போட்டு, தட்டுகளை லேத்தில் கடைந்து, நாலு சக்கரத்துக்கும் பேட் மாற்றினாள். சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிவிட்டு எத்தனை சுற்று ஓடி நிற்கிறது என்று எண்ணினாள். இடது பக்கம் வலது பக்கத்தை விட ஒன்று குறைந்தது. மறுபடி கழற்றினாள். இரண்டும் ஒன்றாக நின்ற பிறகுதான் காரை ஜாக்கிலிருந்து இறக்கினாள். வேலை முடியவில்லை என்று சொல்லி, கார்ச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்; சாவி உள்ளே எங்கே இருந்தாலும் பட்டனை அமுக்கினால் கிளம்பும் கார் அது. அவள் வீடும் ஸ்பிரிங்வெளியில்தான். மதுரன் ஓட்ட, அவனோடு மேலே போய், லயத்தில் சார்ஜ் போட வைத்தாள். மீட்டரில் சார்ஜுக்கு மொத்தம் பன்னிரண்டு கோடு. பதினொன்று வந்ததும் பிளக்கைக் கழற்றச் சொன்னாள்.

"முழுசா ரொப்ப வேணாமா?"

"ரொம்புன வயித்துல எங்க தின்னும்? ஒரு கோடு காலியா விடு. மலை ரொப்பும்."

மறுநாள் காலை இறக்கம் தொடங்கியதும் மதுரனின் இடது கை தானாகக் கியர்ப் பிடிக்குப் போனது. துஷ்யந்தி பென்சிலால் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த வளைவில் மறுபடி போனது, மறுபடி தட்டினாள். டவுன் வருவதற்குள் ஒன்பது தட்டு. ஆனால் பிரேக்கை அவன் இரண்டு இடத்தில்தான் மிதித்திருந்தான். பேட்டரியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காட்டும் தன் தொலைபேசியை அவள் அவனிடம் நீட்டினாள். புறப்படும்போது தொண்ணூற்றொன்று என்று இருந்த எண் தொண்ணூற்று நான்கு ஆகியிருந்தது.

மதுரன் காரை ஓரம் கட்டி நிறுத்தி, அந்த எண்ணையே பார்த்தான். "பதினோரு கிலோமீட்டர் ஓடியிருக்கேன். எப்படிக்கா கூடுச்சு?"

"மலைகிட்ட கேளு. இத்தன நாளு சும்மா குடுத்தத நீதான் வேணாம்னுட்ட."

டவுனில் ஸனூஸ் ஏறிக்கொண்டார். எல்லவில் உள்ள ஒரு ஹோட்டலுக்குத் துவைத்த துணி கொண்டு போவதுதான் மதுரனின் தினசரி வேலை. துணி மூட்டைகளுக்கு நடுவே ஸனூஸின் தலை மட்டும் தெரிந்தது. போனார்கள், இறக்கினார்கள், அழுக்குத் துணியை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். தெமோதரைப் பக்கத்து இறக்கத்தில் மதுரனின் கை ஒரே ஒரு தடவை நகர்ந்தது. பென்சில் உயர்ந்ததும் தானாகத் திரும்பிவிட்டது.

பதுளையில் துணியை இறக்கியபோது மீட்டரில் ஐந்து கோடு. மற்ற நாட்களில் இந்த இடத்தில் மூன்றுதான் இருக்கும்.

"காலியா ஏத்திக் காட்டி ஏமாத்த ஏலாது. மேல போற ஆக்களையும் ஏத்துங்க" என்றார் ஸனூஸ்.

"ஏத்துங்க நானா. நீங்களும் எறங்கக் கூடாது" என்றாள் துஷ்யந்தி.

பஸ் நிற்குமிடத்தில், கோதுமை மா மூட்டையோடு நின்ற வள்ளியம்மை ஏறினாள். மதுரனின் பக்கத்து லயத்துக்காரி. கதவைச் சாத்தும் முன்பே, "மதுரா, தள்ளுற கேஸுன்னா இப்பவே சொல்லிரு. எனக்கு முட்டி வலி. நா எறங்க மாட்டேன்" என்றாள்.

"தள்ளுறதுக்கு நான் ஈக்கேன் உம்மா. நீங்க இரிங்க" என்றார் ஸனூஸ்.

ஏற்றம் தொடங்கியபோது மழையும் பிடித்தது. விளக்கும் வைப்பரும் போட வேண்டியதாயிற்று. ஐந்து கோடு நான்கானது, நான்கு மூன்றானது. தேயிலை மலைகள் மழை மூட்டத்துக்குள் மறைந்தன. மதுரன் மீட்டரையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, வளைவு வருது. நீங்க ஓட்டுங்க."

"நான் ஓட்டுனா இன்னைக்கு ஏறும். நாளைக்கு யாரு ஓட்டுவா? மிதி. அவசரப்படாம, ஒரே சீரா மிதி."

பிள்ளை மடுவத்து வளைவுக்கு நூறு அடி இருக்கும்போது, மீட்டரில் மஞ்சளாக ஒரு விளக்கு பற்றிக்கொண்டது.

"ஆமை!" என்று கத்தினார் ஸனூஸ். வள்ளியம்மை மா மூட்டையைக் கட்டிப் பிடித்தாள். மதுரனின் கால் மிதியிலிருந்து எழும்பியது.

"காலத் தூக்காத!" துஷ்யந்தியின் குரல் வண்டியை நிறைத்தது. "நல்லாப் பாரு, அது ஆமையா? அது சார்ஜ் கொறஞ்சுருச்சுன்னு சொல்ற வெளக்கு. வீட்டுக்குப் போய்ப் போடுன்னு சொல்லுது. போய்ப் போடுவோம். மிதி!"

அவன் மிதித்தான். கார் வளைவுக்குள் புகுந்தது. நாலு தடவை நின்ற இடத்தில், வேலிக் கம்பி ஓரமாக, ஆட்கள் மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். தள்ளத்தான் வேண்டியிருக்கும் என்று ஒருவன் ரோட்டுக்கே இறங்கிவிட்டான். கார் அவனைத் தாண்டி, தண்ணீரை வாரி இறைத்துவிட்டு மேலே போனது. வள்ளியம்மை கண்ணாடியை இறக்கி, "என்னடா பாக்குற? ஆமைக்கு வழி விடு!" என்று கூவினாள்.

லயத்து வாசலில் நின்றபோது ஒரு கோடு மிச்சமிருந்தது. தொலைபேசியில் பன்னிரண்டு. மதுரன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

ஸனூஸ் இறங்கி, மீட்டரை ஒரு முறை குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, மழையில் நனைந்த தன் மூக்குக்கண்ணாடியை அதில் துடைத்தார். "தங்கச்சி, வார கெழம என்ட வேன்ட பிரேக்கையும் ஒருக்கா பாருங்களே."

"வரிசையில விடுங்க நானா."

துஷ்யந்தி காரைச் சுற்றி வந்தாள். முன் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். இடது, பிறகு வலது. இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தன. அதன் பிறகுதான் பையிலிருந்து சாவியை எடுத்து, ஜன்னல் வழியாக மதுரனின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கிவிட்டாள்.

"ஒன் வண்டி. புடி."