அக்கா மாத்திரையும் போட்டார், கடலிலும் குளித்தார்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கொஞ்சம் உட்கார்ந்து வாசியுங்கள். இதில் இருக்கவே கூடாது என்று உங்களில் சிலர் சொன்ன செய்தியை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அக்காவுக்கு மனநோய் இருந்தது. இருபத்து நான்கு வயதில் வந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகள் அவர் மாத்திரை சாப்பிட்டார். நடுவில் சில வாரங்கள் மட்டும் சாப்பிடவில்லை. அதற்கு நான் காரணம். அதையும் எழுதத்தான் போகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா கடலில் விழுந்து இறக்கவில்லை. குளித்துக் கரையேறி, மணலில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்தார். மருத்துவமனைச் சீட்டு என் பீரோவில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா பிறந்தது உடன்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள் இருக்கும் எங்கள் பூர்வீக ஊரில். நான் பிறந்த மறு வருடம் அப்பா தூத்துக்குடிக்கு வந்து பலசரக்குக் கடை போட்டார். எனக்கு எண்ணத் தெரிவதற்கு முன்பே அக்காவுக்குக் கடையில் எந்த டின்னில் எந்தப் பருப்பு என்பது தெரியும். பிளஸ் டூ முடித்து, தட்டச்சில் உயர்நிலை தேறினார். இருபத்தொரு வயதில் திருமணம் ஆனது. முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை, புகுந்த வீட்டிலிருந்து ஒரு வேன் வந்து எங்கள் கடை முன்னால் நின்றது. அக்காவையும் அவருடைய சீர்ப் பாத்திரங்களையும் ஒன்றாக இறக்கிவிட்டுப் போனார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. கையில் இல்லாத குழந்தைக்குத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா அவரை எத்தனையோ இடங்களுக்கு அழைத்துப் போனார். கயிறு கட்டினார்கள், எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள், ஓரிடத்தில் வேப்பங்குழையால் அடித்தார்கள். கடைசியில் அப்பாவின் கடைக்கு வரும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் சொல்லித் திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அவர் அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அக்கா தூங்கினார், சாப்பிட்டார், தானே தலை வாரிக்கொண்டார். ஐந்தாவது மாதம் கடைக்கு வந்து, நான் தப்பாகப் போட்டு வைத்திருந்த சீரகத்தையும் சோம்பையும் மாற்றி வைத்தார்.

அப்போதுதான் நாங்கள் ஒரு தவறு செய்தோம். செய்தது நான். அக்கா தேறினால் கடலில் முழுக வைப்பதாக அம்மா வேண்டியிருந்த நேர்ச்சையை நிறைவேற்ற அக்காவைக் கடலோரக் கோயிலுக்கு அழைத்துப் போகக் கிளம்பினோம். எங்கள் ஊரில் அருள்வாக்குச் சொல்லும் பெரியவர் ஒருவர் இருந்தார். "மருந்து தின்னுக்கிட்டே நேர்ச்சைய செலுத்துனா சாமிய நம்பலைன்னுதான அர்த்தம்?" என்று அவர் அம்மாவிடம் கேட்டுவிட்டார். அம்மா பயந்துபோனார். நான் அப்போது கல்லூரியில் வேதியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மருந்துக்கடையில் அந்தச் சீட்டை நீட்டுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அது இனி வேண்டாம் என்று சாமியே சொல்வது எனக்கு வசதியாகவும் இருந்தது. கோயில் கடலில் அக்கா மூன்று முழுக்குப் போட்டு எழுந்தபோது, பையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அலையில் வீசினேன்.

"ஏலே, அது எனக்குள்ள மருந்துலா!" என்றார் அக்கா.

"இனி வேண்டாங்கா. சாமி பாத்துக்கிடும்."

அக்கா அலை போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்தாவது நாளிலிருந்து தூக்கம் போயிற்று. அடுத்த மாதம் ஒரு நண்பகலில் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டார். செருப்பில்லாமல் உப்பளத்துக்குள் நடந்திருக்கிறார். பங்குனி வெயில். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் தூரத்தில் நின்று, "பேய் புடிச்சிருக்கு, பக்கத்துல போவாதீங்கடி" என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார். அவர் பெயர் சண்முகத்தாய். அவருக்கும் அக்கா வயதுதான்.

"பேய்க்குக் காலே கெடையாதுன்னு நீங்கதானளா சொல்லுவீய? இந்தப் பிள்ளைக்குக் காலு பூரா ரத்தம். தண்ணி கொண்டாங்களா!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் மற்றவர்கள் நகர்ந்தார்களாம். அக்காவின் காலை நல்ல தண்ணீரில் கழுவி, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டி, விலாசம் கேட்டுக் கூட்டி வந்து சேர்த்தார்.

மறுபடி திருநெல்வேலி. மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "கும்பிடுறதை யாரும் நிறுத்தச் சொல்லலை தம்பி, மாத்திரையை நிறுத்தினதுதான் தப்பு" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இந்த முறை தேறி வந்ததும் அக்கா தன் வாழ்க்கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். மாத்திரை அட்டையைப் பூஜை அலமாரியில் திருநீற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் கொண்டு வைத்தார். விடியற்காலையில் கடலுக்குப் போய்க் குளிப்பார். வந்து விளக்கேற்றுவார், திருநீறு பூசுவார், மருத்துவர் காலைக்கு எழுதிய மாத்திரையை விழுங்குவார். அம்மா முகம் சுளித்தார். "சாமி இருக்க எடத்துலயா இந்தக் கர்மத்தை வைக்கது?" அக்கா சிரித்தார். "முருகன் என்ன டாக்டர்ட்ட போட்டியா போடுதாரு? ரெண்டு பேரும் ஒரே ஆளத்தான பாக்காங்க, பாக்கட்டும்."

உடம்பு, மனம், சாமி, கடல் என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசுவதெல்லாம் அக்காவுக்குப் பிடிக்காது. பின்னாளில் இங்கே ஊரில் வேறொரு மருத்துவர், வயதில் சிறியவர், அக்காவைப் பார்த்துவந்தார். ஒருமுறை அவர், "உப்புத் தண்ணில அப்படி என்னம்மா இருக்கு?" என்று கேலியாகக் கேட்டார். நான் கூட இருந்தேன். அக்கா சொன்னார்: "உங்க மாத்திரை என்னயத் தூங்க வைக்கி டாக்டர். காலைல எந்திரிக்கதுக்கு ஒரு காரணம் வேணும்லா? அதை நீங்க சீட்டுல எழுதலிய."

அதோடு விடவில்லை. ஒரு நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். தான் எந்த நாள் எத்தனை மணி நேரம் தூங்கினார், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று குறித்து வைத்திருந்தார். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும் கச்சான் காற்று தொடங்கினால் அவருக்குத் தூக்கம் குறையும். நான்கு வருடக் குறிப்பு இருந்தது. மருத்துவர் சிரிப்பை நிறுத்தினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்த ஆண்டிலிருந்து ஆனி பிறக்கும் முன்பே அக்காவை வரச்சொல்லி, பார்த்து, மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார். அதன்பின் கச்சான் காலத்தில் அக்கா ஒரு நாளும் நோயில் படுக்கவில்லை.

அப்பா காலமான பிறகு கடையை அக்காவே நடத்தினார். உப்பளத்தில் வேலை இல்லாத மழை மாதங்களில் சண்முகத்தாய் அக்காவோடு கடலுக்கு வருவார். அவர் தன் அண்ணன் மனைவியைக் கூட்டி வந்தார். அந்த அம்மாளுக்கும் தூக்கம் போயிருந்தது. அப்படியே ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். மருத்துவமனை வாசலில் தலையை மூடிக்கொண்டு நிற்கும் பெண்களை அக்காவே போய்க் கூப்பிடுவார். கடற்கரையில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏளா, மாத்திரை போட்டியா?" போட்டேன் என்று சொன்னால்தான் தண்ணீருக்குள் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். ஒவ்வொருவரும் அவரவர் சாமியைக் கும்பிட்டுக்கொள்ளலாம். மாதா பெயரைச் சொல்லி முழுகியவர்கள் உண்டு. காயல்பட்டினத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்து, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று துஆ கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் நானும் போயிருந்தபோது, கடற்கரையில் இயற்கை மருத்துவம் சொல்லிக் கொடுப்பதாக ஒருவர் வந்தார். மாத்திரையெல்லாம் விஷம், தூக்கி எறியுங்கள், மனதை ஒருநிலைப்படுத்தினால் எந்த நோயும் அண்டாது என்றார். நான்கைந்து பெண்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஈரச் சேலையோடு எழுந்து போய் அவர் முன்னால் நின்றார்.

"அண்ணாச்சி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டுங்க."

"எதுக்கும்மா?"

"கடல்ல போடத்தான். மனச ஒருநிலைப்படுத்துனா கண்ணு தானாத் தெரியும்லா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் அவர் அதன்பின் அந்தப் பக்கம் வரவில்லை. அக்கா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். பொட்டலத்தை வீசியதைப் பற்றி வாழ்நாள் முழுக்க அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பார்வை ஒன்றுதான்.

சென்ற ஆண்டு ஐப்பசியில், ஒரு காலை, குளித்து வந்து உட்கார்ந்தவர் சண்முகத்தாயிடம் "நெஞ்சக் கரிக்கிளா" என்று சொல்லி அவர் தோளில் சாய்ந்தார். ஆட்டோவில் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள், "அது கடல்ல எறங்கிட்டுதாம்லா" என்று பேச்சு வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பந்தலுக்குள்ளேயே, "முன்னமே அப்படிப்பட்ட பிள்ளைதான" என்ற குரலைக் கேட்டேன். குரல் யாருடையது என்றும் தெரியும். அவரும் இன்று இந்த மலரை வாங்கியிருப்பார்.

இனி என் மகளைப் பற்றி. தை மாதம் அவளுக்கு ஒரு நல்ல இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள். அக்காவின் ஆண்டு முடிந்ததும் மேற்கொண்டு பேசுவதாக ஏற்பாடு. இந்த மலருக்கு ஏற்பாடு நடப்பதைக் கேள்விப்பட்டு என் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்.

"ஏலே, அந்த விவரத்தையெல்லாம் எழுதிராத. தெய்வ பக்தி உள்ளவ, கடையப் பாத்துக்கிட்டா, நெஞ்சுவலில போனான்னு முடிச்சிரு. குடும்பத்துல இப்படி ஒண்ணு உண்டுன்னு அச்சுலயே போட்டா எவன்ல உன் வீட்டு வாசல மிதிப்பான்? பிள்ளைய வச்சிருக்கல்லா நீ?"

சித்தப்பா கெட்டவரல்லர். அவர் சொன்னபடியேதான் நான் முதலில் எழுதினேன். எனக்கும் பயம். கல்யாணத்தைப் பற்றிய பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்றும் உண்டு. என் மகள் இருபத்து நான்கு வயதைத் தொட்ட நாளிலிருந்து நான் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோற்றை மிச்சம் வைத்தால் பார்ப்பேன். தனியாகச் சிரித்தால் போனில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பேன்.

எழுதியதை மகளிடம் கொடுத்தேன். மூன்று பக்கத்தையும் நின்றபடியே வாசித்தாள்.

"இதுல அத்தை எங்கப்பா?"

"உன் நல்லதுக்குத்தான் பிள்ள..."

"ரெண்டு நாள் நான் சரியாத் தூங்கலைன்னா உங்க மொகம் எப்படி மாறுதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கீங்க? ஒளிச்சு வச்சா மட்டும் எனக்கு வராதா? அப்படி வந்தா நான் யார்ட்டப்பா போய்ச் சொல்ல? அத்தை இருந்தா அத்தைட்ட சொல்லுவேன். இதை வாசிச்சா இந்த வீட்டுல சொல்லக் கூடாதுன்னுல்லா இருக்கு."

   அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, நீங்கள் இப்போது வாசிக்கும் இதை எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் கொடுத்து, "எங்க அக்காவப் பத்தி எழுதிருக்கேன். வாசிச்சுட்டுச் சொல்லுங்க" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். இதை அச்சுக்குக் கொடுக்கும் நாள்வரை பதில் வரவில்லை. எந்தப் பதில் வந்தாலும் இதில் ஒரு சொல்லும் மாறாது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. என் அக்காவை மனுஷியாக நடத்திய இரண்டு மருத்துவர்களுக்கும், மருந்துக்கடையில் ஒரு நாளும் முகம் மாறாமல் அந்தச் சீட்டை வாங்கிய ஊழியருக்கும் நன்றி. அக்கா நெற்றிக்குத் திருநீறு கொடுத்த அர்ச்சகருக்கு நன்றி. மதினியைக் கல்யாணமான நாளிலிருந்து தன் கூடப்பிறந்தவளாக வைத்துப் பார்த்த என் மனைவிக்கு, இத்தனை பேர் முன்னால் நன்றி. சித்தப்பாவுக்கும் நன்றி, கோபத்தில் இருந்தாலும் இன்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சண்முகத்தாய் அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் அவர் என்னைத் திட்டுவார். எழுதுகிறேன், திட்டட்டும்.

உங்கள் வீட்டிலும் தூங்காத ஒருவர் இருக்கலாம். உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கலாம். முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கொடுக்கும் மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். உங்கள் சாமியை நன்றாகக் கும்பிடுங்கள். பிறகு ஒரு நாள் காலையில் அவரைக் கடற்கரைக்கு அழைத்து வாருங்கள். அங்கே சண்முகத்தாய் அக்கா இருப்பார். நானும் என் மகளும் இருப்போம். எங்களை யார் பார்த்தாலும் சரி, பார்த்துவிட்டு யாரிடம் போய்ச் சொன்னாலும் சரி.